ரெண்டு நாளா காணலியே

தாமிரபரணிக் கரையில் எந்தப் படித்துறைக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வயதானவர்களுக்கென்று சில கற்கள் இருக்கும். இன்னார் இந்தக் கல்லில்தான் துவைப்பார், இன்னார் அந்தப் படியில்தான் பல் விளக்குவார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு நாள் கல் காலியாகக் கிடந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மறுநாளும் அப்படியே கிடந்தால், "தாத்தாவ ரெண்டு நாளா காணலியே" என்று ஒரு குரல் எழும். ஈரத்துண்டோடு வீட்டுக்கே போய் எட்டிப் பார்ப்பவரும் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் ஊழியர் தினமும் வர முடியாது. இடைப்பட்ட நாட்களில் ஆளைக் கவனிப்பது அந்தக் கல்தான்.

வேலையும் அப்படித்தான் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தது. கார், பிசானம் என இரண்டு போக அறுப்பிலும் களத்துக்குக் காவலாகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தாத்தாக்களே. அறுவடை இயந்திரம் வந்தபின் வயலிலேயே நெல் மூட்டையாகிவிடுகிறது. களம் இல்லை, காவல் இல்லை, கூப்பிடவும் ஆளில்லை.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்குப் பீடித்தட்டு. பார்வை மங்கிச் சுற்ற முடியாமல் போன ஆச்சி, மகளுக்கு இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டு அதே திண்ணையில் இருப்பாள். புகையிலைத் தூள் தரும் இருமலையும் அற்பக் கூலியையும் மறந்துவிட்டு இதைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் மூட்டுவலியிலிருந்து மருமகள் சண்டை வரை அந்தத் திண்ணையில் பேசித் தீர்ந்தது ஏராளம்.

படித்துறையும் திண்ணையும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததுமில்லை. தெருவுக்கொரு துறை, சாதிக்கொரு துறை என்று பிரிந்து கிடந்த ஊர்கள் இவை. கிராமத்தில் முதியவர்களைத் தாங்குவார்கள் என்று சொல்பவரிடம், எந்தத் தெருவில் என்று கேட்கத்தான் வேண்டும்.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையிலிருந்து வரிக்கென்று கொஞ்சம் முந்தானையில் முடிந்து வைக்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். "உனக்கு எதுக்கு ஆச்சி வரி?" என்று கேட்டால் வருகிற கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. வரி கொடுத்தால்தானே ஊர்க் கணக்கில் பேர் இருக்கும்?

பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பை தாராவியிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். குலதெய்வம் எந்தச் சாஸ்தா, எந்த ஒற்றையடிப் பாதை, பொங்கல் எந்தத் திசை பார்த்து வைப்பது என்று பேரன்கள் தாத்தாவைச் சுற்றி நிற்கும் அந்த இரண்டு நாளும் அவருக்கு மூட்டுவலி தெரிவதில்லை. பிறகு வண்டிகள் கிளம்பிவிடும், தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழும்.

இப்போது குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது. குளியலறை கட்டிக் கொடுத்த மகன், வழுக்கும் படியில் இனி இறங்க வேண்டாம் என்கிறான். அவன் பயம் நியாயமானது. அப்பாவோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார், செல்போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு. மகன் டீக்கடைக்குப் போன் போடுகிறான். கடைக்காரர் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கல்லுலதான் இருக்காவ."