மைவிக்கு எந்த டயர்? முதலில் மழையைக் கேளுங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை. பகாவில் சித்தி வீட்டு விருந்து முடிந்து என் தம்பி அம்மாவை ஏற்றிக்கொண்டு சிரம்பான் திரும்பிக்கொண்டிருந்தான். புக்கிட் புத்துஸ் இறக்கத்தில் நல்ல மழை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கி, வண்டி அரைச் சுற்று சுற்றி, சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வந்த லாரி தூரத்தில் இருந்ததால் இருவரும் பிழைத்தார்கள். பின் இருக்கையில் வைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டு அம்மாவின் மடியில் வந்து விழுந்திருந்தது. சேதம் அவ்வளவுதான்.

தம்பி வைத்திருப்பது மைவி 1.5. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை வண்டி. 103 குதிரைசக்தி, ஏறத்தாழ ஒரு டன் எடை. வேலைக்கும் சந்தைக்கும் போகிற கார்தான். ஆனால் காலை அழுத்தினால் பாயும். அதனால் வீட்டில் எல்லோரும் அவன் வேகத்தையே குறை சொன்னார்கள். மீட்டர் 70ஐத் தாண்டவில்லை என்று அவன் அடித்துச் சொன்னான். மறுநாள் காலையில் குனிந்து டயர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. முன்னால் இரண்டும் புத்தம் புதியவை. பின்னால் இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் பழைய டயர்கள். ஒன்றின் வயது எட்டு.

அதன் பிறகு சிரம்பானிலும் கிள்ளானிலும் சில டயர் கடைகளில் உட்கார்ந்து கேட்டேன். தயாரிப்பாளர்களின் விளக்கங்களையும் படித்தேன். தமிழ் படித்த எனக்கு டயரின் பக்கவாட்டு எழுத்துகள் முதலில் கல்வெட்டு மாதிரிதான் இருந்தன. படிக்கக் கற்றுக்கொண்டால் அரை நிமிட வேலை.

நம் நாட்டில் எல்லாமே கோடை டயர்தான்

ஐரோப்பாவில் ஏப்ரலில் ஒரு டயர், அக்டோபரில் ஒரு டயர் என்று மாற்றுகிறார்கள். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கும் என்பது அங்கே வழக்கமான கணக்கு. கேமரன் மலையின் குளிரில்கூட நமக்குப் பொதுவாக அந்த நிலை வருவதில்லை. ஆகவே நம் கடைகளில் புதிதாக வாங்கும் சாதாரண டயர் எல்லாம் கோடை டயர்தான். கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம்.

ஆனால் நம் கோடையில் பாதி நேரம் மழை. நண்பகலில் 50 டிகிரிக்கு மேல் கொதித்த தார்ச்சாலையில் மாலை நான்கு மணிக்கு வாளியைக் கவிழ்த்தது போலக் கொட்டுகிறது. ஐரோப்பிய ஓட்டுநருக்கு வறண்ட சாலையில் வளைவை வெட்டித் திரும்பும் பிடிப்பு பெரிதாகத் தெரியலாம். நமக்கு ஈரத்தில் நிற்குமா என்பதே முதல் கேள்வி. வேகமான காருக்கு டயர் தேடுகிற இளைஞர்கள் இதைத்தான் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்பது ரிம் அளவு.

மைவி 1.5இன் பக்கவாட்டில் 185/55 ஆர்15 82வி என்று இருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 அங்குலம் ரிம். 82 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையிலான வேகக் குறியீடு. நம் நெடுஞ்சாலையில் 110தானே என்று கேட்கலாம். வேகக் குறியீடு டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே இந்த இரண்டையும் தொழிற்சாலை கொடுத்த அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. சரியான குறியீடு ஓட்டுநர் கதவுப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும்.

அடுத்துத் தேட வேண்டியது வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில 'ஈ' எழுத்து. அதன் அருகே ஒரு நீண்ட எண், அதன் முடிவில் எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள். எஸ் ஓசைக்கு, டபிள்யூ ஈரப் பிடிப்புக்கு, ஆர் உருளும்போது வீணாகும் சக்திக்கு. டபிள்யூ இருந்தால் அந்த டயர் ஐநா விதிமுறையின் ஈரப் பிடிப்புச் சோதனையில் தேறியிருக்கிறது என்று பொருள். அது குறைந்தபட்சத் தேர்ச்சிதான். ஆனாலும் பெயரே கேள்விப்படாத மலிவு டயரை வாங்கும்போது முதலில் இந்த எழுத்தைத் தேடுங்கள். ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஈரப் பிடிப்பில் ஏ முதல் ஈ வரை தரம் ஒட்டுகிறார்கள். அதே டயர் இங்கேயும் விற்றால் அந்தத் தரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

'ட்ரெட்வேர்' என்று இன்னொரு எண் இருக்கும். தேய்மானக் கணக்கு அது. 400, 500 என்றால் மெல்லத் தேயும், பெரும்பாலும் சொகுசு வகை. 300ஐ ஒட்டி இருந்தால் ரப்பர் கொஞ்சம் மென்மை, விளையாட்டு வகை. 200, அதற்கும் கீழே என்றால் 'செமி ஸ்லிக்' பக்கம் போய்விட்டோம். இந்த எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

செமி ஸ்லிக் பற்றி என் கருத்தை மறைக்கப் போவதில்லை. செப்பாங் பந்தயத் தடத்துக்கு அது அருமையான பொருள். வேலைக்குப் போகிற காருக்கு அது வேண்டாம். அதில் பள்ளங்கள் குறைவு. சாலையில் தேங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே நிற்கும். வேகம் கூடும்போது டயர் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீரிங் காற்றில் சுற்றுவது போல லேசாகிவிடும். பிரேக்கும் பயன்படாது. நம் ஊர்க் கடைகளில் 'பூ' என்று சொல்கிறார்களே, அந்தப் பள்ளங்களின் வேலையே நீரை வெளியேற்றுவதுதான். புது டயரில் அது சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னக் கட்டைகள் தெரியும். 1.6 மில்லிமீட்டரில் அவை மேற்பரப்புக்குச் சமமாகிவிடும். அத்தோடு டயர் முடிந்தது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே ஈரத்தில் நிற்கும் தூரம் வேகமாக நீளத் தொடங்கும்.

பெரிய ரிம் ஆசை

தம்பியின் கைப்பேசியில் 16, 17 அங்குல ரிம் படங்கள்தான் நிறைய. அளவை மாற்றினால் டயரின் மொத்த உயரம் அதிகம் மாறக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 185/55 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 584.5 மில்லிமீட்டர். கடையில் முதலில் சொன்ன 195/50 ஆர்16 போட்டால் 601.4 ஆகும், அதாவது கிட்டத்தட்ட 3 விழுக்காடு கூடுதல். அப்போது டயர் ஒரு சுற்றில் முன்பைவிட அதிக தூரம் ஓடும். முன்பு 110இல் போகும்போது மீட்டர் காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டு வண்டி 113இல் போகும். எடுப்பும் மந்தமாகும். 195/45 ஆர்16 என்றால் 581.9, ஏறக்குறைய பழைய அளவு. ஆகவே 16 அங்குலம்தான் வேண்டும் என்றால் சுமைக் குறியீட்டைச் சரிபார்த்துக்கொண்டு இந்த அளவைக் கேளுங்கள்.

இருந்தாலும் பக்கச்சுவரின் உயரம் 102 மில்லிமீட்டரிலிருந்து 88க்கு இறங்கிவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில், எண்ணெய்ப்பனை லாரிகள் உடைத்த சாலையில் தினமும் போகிறவருக்கு அந்த 14 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. பெரிய ரிம்முக்குச் செலவழித்துவிட்டு, பணம் போதாமல் அதில் மலிவு டயரை மாட்டுகிற காட்சியை ஒவ்வொரு கடையிலும் பார்த்தேன். அதற்குப் பழைய ரிம்மிலேயே நல்ல டயர் போட்டால் வண்டி வளைவில் இன்னும் நன்றாகத் திரும்பும்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு டயருக்கும் நல்ல டயருக்கும் ஒன்றுக்கு 60 வெள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 240 வெள்ளி. மூன்று ஆண்டு ஓடினால் மாதம் ஏழு வெள்ளிகூட வராது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. பாட்டி பால்மரம் வெட்டியவர். டயர் என்றாலே நம் தோட்டத்துப் பால்தான் என்று நான் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. கார் டயரில் தரையைத் தொடும் பட்டையில் பெரும்பகுதி செயற்கை ரப்பர். அதோடு சிலிகா என்ற மணல் சார்ந்த பொருளைக் கலக்கிறார்கள். மிஷலின் 1992இல் அதைக் கொண்டுவந்த பிறகு ஈரப் பிடிப்பும் எண்ணெய்ச் சிக்கனமும் ஒரே டயரில் ஓரளவு சேர்ந்து கிடைக்கத் தொடங்கின. இயற்கை ரப்பர் அதிகம் இருப்பது வளைந்து நிமிர வேண்டிய பக்கச்சுவரில். பாட்டியிடம் சொன்னேன். நாங்கள் வெட்டியது சாலையில் தேயவில்லை என்றால் நல்லதுதான் என்றார்.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

தம்பியின் வண்டி சுழன்ற காரணத்துக்கு வருகிறேன். மைவி முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. முன் டயர்கள்தான் சீக்கிரம் தேயும். கையில் பணம் இரண்டுக்குத்தான் இருக்கும். இழுக்கிறதும் திரும்புகிறதும் முன்னாலதானே தம்பி, புதுசை முன்னால போட்டுக்கோ என்று கடையில் சொன்னார்கள். கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் டயர் நிறுவனங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுப்பு வண்டியாக இருந்தாலும்.

ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி வளைவில் திரும்ப மறுத்து நேராகத் தள்ளும். பயந்துபோய் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுப்போம். வேகம் குறையும், எடை முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடிப்பு திரும்பும். நம் பயமே நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. பின் டயர் வழுக்கினால் கதை வேறு. அப்போதும் காலை எடுப்போம், எடை முன்னால் சாயும். ஏற்கெனவே வழுக்கும் பின்பக்கம் இன்னும் லேசாகும். வண்டி சுழலும். ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அதை நிறுத்துவதற்குப் பயிற்சி வேண்டும், இடமும் வேண்டும். புக்கிட் புத்துஸில் என் தம்பியிடம் இரண்டும் இல்லை.

நான்கையும் சமமாகத் தேய வைப்பதுதான் இதற்கு நல்ல வழி. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போட்டால், ஒரே நாளில் நான்கையும் மாற்றும் நிலை வரும். அப்போது நான்கும் ஒரே வகையாக இருக்கும்.

பின்னால் இருந்த அந்த 'செக்கண்ட்' டயர்களைப் பற்றியும் சொல்கிறேன். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரின் பிறந்த தேதி. 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23வது வாரம். ஐந்து ஆண்டு ஓடியதும் ஆண்டுதோறும் சோதிக்கவும், பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து ஆண்டில் மாற்றிவிடவும் மிஷலின் சொல்கிறது. நம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான் அவ்வளவு பொறுமை காட்டமாட்டேன். பூ ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பழைய ரப்பர், காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி இறுகிவிடும். கடையில் புதிது என்று கொடுப்பதிலும் இந்த எண்ணைப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும், மாட்டிய பிறகு யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

ஜப்பானிலிருந்து கழற்றி வரும் டயர்களில் பனிக்கால டயரும் கலந்திருக்கலாம். பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் படம் இருந்தாலோ, 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருந்தாலோ எடுக்காதீர்கள். பனிக்காகச் செய்த மென்மையான ரப்பர் நம் சூட்டில் குழையும், சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். விலை மலிவாக இருக்கும், பூவும் அழகாக இருக்கும். அதனால்தான் விற்கிறது.

தம்பி கடைசியில் பழைய 15 அங்குல ரிம்மிலேயே, ஒரே வகையில் நான்கு டயர் போட்டான். ஈரப் பிடிப்பில் நல்ல தரம், ட்ரெட்வேர் 340. செமி ஸ்லிக் இல்லை, முழுச் சொகுசு வகையும் இல்லை. கூடவே சக்கர நேரமைப்பும் பார்த்துக்கொண்டான். ரிம் படங்கள் இன்னும் கைப்பேசியில் இருக்கின்றன. பகாவுக்குப் போகும்போது அம்மா இப்போது ஏறுவதற்கு முன் வண்டியின் பின்பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கிறார். என்ன பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த மாதம் 10,000 கிலோமீட்டர் ஆகிறது, முன்னும் பின்னும் மாற்றிப் போட நாள் சொல்லி வைத்திருக்கிறோம்.