சுவரில் ஒட்டிய 2,300 வருடம்: ஹோம்ஸ்கூலிங் வரலாற்றுக்கு டைம்லைனும் நோட்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஹோம்ஸ்கூலிங், அதிலும் வரலாறு. பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் இளம் பெற்றோர்கள், அக்கா பிள்ளைக்கு சனி ஞாயிறு பாடம் எடுக்கும் சித்திகள், மாமாக்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கணக்குக்கு, சயின்ஸுக்கு மெட்டீரியல் கொட்டிக்கிடக்கு. வரலாற்றுக்கு எதை வாங்குறது?"

பொதுவாகப் பேசினால் எதுவும் நிற்காது. அதனால் ஒரு நிலத்தை எடுத்துக்கிறேன்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும். நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கலாம், ஊர் வேறாக இருக்கலாம். முறை ஒன்றுதான். பெயர்களை மட்டும் மாற்றிக்கோங்க.

ரெண்டு சொல், ரெண்டு வேலை

டைம்லைன் என்றால் காலத்தை நீளமாக மாற்றிக் காட்டுவது. 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தில் ஒரு பெரிய வரைபடம் வெளியிட்டார். ஆக்சிஜன் ஆராய்ச்சியில் வருவாரே, அவரேதான். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு கோடு. எத்தனை வருடம் வாழ்ந்தாரோ அத்தனை நீளம். 1769இல் பேரரசுகளுக்கும் அதே போல ஒன்று போட்டார். அதில் முக்கியமான விதி, ஒரு வருடத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு நீளம்.

நோட்புக்கிங் என்றால் படித்ததைப் பிள்ளை தன் கையால் ஒரு பக்கத்தில் எழுதி, வரைந்து வைப்பது. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியில் வந்த பள்ளிகளில் 'நூற்றாண்டுப் புத்தகம்' என்று ஒன்று உண்டு. நோட்டைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கமும் ஒரு நூற்றாண்டுக்கு. பிள்ளை வளர வளர அதே நோட்டு நிரம்பும்.

டைம்லைன் 'எப்போது, எவ்வளவு தூரம்' என்று சொல்லும். நோட்டு 'என்ன நடந்தது, நமக்கு எப்படித் தெரியும்' என்று சொல்லும். ஒன்று மட்டும் போதாது.

வாங்கும் முன் நாலு கேள்வி

முதல் கேள்வி: அளவு சீரா இருக்கா? அச்சில் வரும் பல டைம்லைன் சார்ட்டுகளில் ஹரப்பாவுக்கும் அசோகருக்கும் நடுவே ரெண்டு விரல் இடைவெளி, 1942க்கும் 1947க்கும் நடுவே அதே ரெண்டு விரல். அது வெறும் பட்டியல். தூரம் பொய் சொன்னால் பிள்ளைக்குக் காலம் பிடிபடாது.

இரண்டாவது: காலி இடம் இருக்கா? அமெரிக்கப் பெற்றோருக்காகத் தயாரான பிடிஎஃப் தொகுப்புகள் பலவற்றில் எகிப்து, கிரேக்கம், ரோம், அமெரிக்கக் குடியேற்றம் எல்லாம் படத்தோடு அச்சாகி வந்துவிடும். பாண்டியரை எங்கே ஒட்டுவது? நம்ம ஊருக்கு இடமே இல்லாத டைம்லைன், வரலாறு எங்கேயோ வேறு யாருக்கோ நடந்தது என்று சொல்லாமல் சொல்லிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது: 'எப்படித் தெரியும்' என்று எழுத ஒரு கட்டம் இருக்கா? கல்வெட்டா, செப்பேடா, அரசு ஆவணமா, பாட்டி சொன்னதா? இந்தக் கட்டம் இல்லாத நோட்டு வெறும் மனப்பாட நோட்டு.

நான்காவது: அஞ்சு வருடம் தாங்குமா? பில் போடும் மெஷின் பேப்பர் ரோலை டைம்லைனுக்குப் பயன்படுத்தச் சொல்லும் வீடியோக்கள் இருக்கு. பளபளப்பான தெர்மல் ரோல் வேண்டாம். அந்தப் பேப்பர் வெயிலிலும் சூட்டிலும் நிறம் மாறிவிடும்.

இந்த நாலுக்கும் நான் சொல்லும் பதில் கடையில் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. ரெண்டு சார்ட் பேப்பர். கூடவே ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் ரெக்கார்டு நோட்டு. சயின்ஸ் லேபுக்கு வாங்குவோமே, அதுதான். வெள்ளைப் பக்கத்தில் படமும் வரைபடமும், கோடு போட்ட பக்கத்தில் எழுத்து. நோட்புக்கிங்குக்கு இதைவிடப் பொருத்தமான பக்கத்தை யாரும் விற்கவில்லை.

ரெண்டு டேப்

சார்ட்டை நீளவாக்கில் நாலு பட்டையாக வெட்டி ஒட்டினால், ஒரு சார்ட்டில் இரண்டரை மீட்டருக்கு மேல் கிடைக்கும்.

பெரிய டேப்: கி.மு. 300 முதல் இன்று வரை, 10 வருடத்துக்கு 1 செ.மீ. மொத்தம் ஏறக்குறைய 2.3 மீட்டர்.

சின்ன டேப்: 1780 முதல் இன்று வரை, 1 வருடத்துக்கு 1 செ.மீ. இதுவும் ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

ரெண்டும் சுவரில் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆனால் சின்ன டேப்பின் கதை முழுவதும் பெரிய டேப்பில் 25 செ.மீ.க்குள் அடங்கிவிடும், ஒரு ஸ்கேல் அளவுகூட இல்லை. இதை நீங்க சொல்லக்கூடாது. பிள்ளையையே அளக்க விடுங்க.

பெரிய டேப்பில் என்ன?

இடது ஓரத்தில் புலிமான்கோம்பை. ஆண்டிபட்டி வட்டாரத்தில் வைகைக்கரை ஊர். 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் வழிகாட்டலில் நடந்த களஆய்வில் தமிழி எழுத்து பொறித்த நடுகற்கள் இங்கே கிடைத்தன. ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஒரு கல், ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறது. அரசன் பெயர் இல்லை, மாட்டுக்காகச் செத்த ஊர்க்காரன். பிள்ளையின் டைம்லைன் அவனில் தொடங்கட்டும்.

அடுத்து சின்னமனூர்ச் செப்பேடுகள். பெரிய செப்பேடு பாண்டியன் இரண்டாம் ராஜசிம்மன் காலம், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மகாபாரதத்தைத் தமிழாக்கியது, மதுரையில் சங்கம் வைத்தது என்று தன் முன்னோரின் பெருமைகளை அது சொல்கிறது. இங்கேதான் நல்ல பாடம் இருக்கு. செப்பேடு வெட்டிய காலம் வேறு, செப்பேடு பேசும் காலம் வேறு. டேப்பில் செப்பேட்டை மட்டும் ஒட்டுங்க. அது சொல்லும் பழைய கதையை நோட்டில் 'செப்பேடு சொல்வது' என்று தலைப்பிட்டு எழுதச் சொல்லுங்க. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

சின்ன டேப்பில்: தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு பாதிக்கு மேல் தண்ணீரின் வரலாறு. முல்லைப் பெரியாற்றை வைத்துப் பார்ப்போம்.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்தார். செலவு அதிகம் என்று நின்றது. 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து, நடக்காது என்று அறிக்கை கொடுத்தார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். 1882இல் பென்னிகுவிக்கும் ஸ்மித்தும் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பை ஏற்றார்கள். 1886 அக்டோபர் 29 திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபர் 10, கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

டேப்பில் அளங்க. யோசனையிலிருந்து தண்ணீர் வரை 106 செ.மீ. கட்டியது வெறும் 8 செ.மீ. "ஏன் இவ்வளவு நாள் ஆச்சு?" என்று பிள்ளை தானாகக் கேட்கும். பஞ்சம் அந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்பதும் கண்ணில் படும்.

அந்தக் குத்தகை 999 வருடம். பெரிய டேப்பில் 1886இலிருந்து ஒரு மீட்டர்! நாம் அதில் 14 செ.மீ. மட்டும்தான் வந்திருக்கோம். மீதி, சுவர் முடிந்து கதவைத் தாண்டிப் போகும். பின்னோக்கி 999 வருடம் போனால் 887, சின்னமனூர்ச் செப்பேட்டுப் பாண்டியனின் காலத்துக்குக் கிட்டத்தில் போய்விடுவோம். 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்ற சொல்லை நூறு தடவை படித்தாலும் இது வராது.

எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று தேனியில் வீட்டுக்கு வீடு சொல்வாங்க. அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறாங்க. லோயர் கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கு. இந்த நன்றி உண்மை, அதுவும் வரலாறுதான். ஆனால் சொத்து விற்ற கதையை 'மக்கள் சொல்வது' கட்டத்தில் எழுதுங்க. ஆவணம் கையில் வந்தால் கட்டம் மாற்றிக்கலாம். பிள்ளையிடம் கதையைப் பிடுங்க வேண்டாம். அதற்கு உரிய இடத்தைக் காட்டினால் போதும். காட்டுக் காய்ச்சலில் செத்த கூலித் தொழிலாளர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்க.

சங்கடமான தேதிகளும் வேண்டும். தண்ணீர் வந்த அதே ஆட்சியில்தான், 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சட்டம் இங்கே நீங்கியது 1947இல். தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பெயர்ப்பலகை ஏன் இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், பதில் இந்தச் சட்டத்தின் காலத்தில் இருக்கு. 1895க்கும் 1920க்கும் நடுவே 25 செ.மீ. ரெண்டும் ஒரே டேப்பில் இருக்கட்டும். எது 'உண்மையான' வெள்ளைக்காரன் என்று நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

அதே போல அணைக்கு ரெண்டு கரை. 1979இல் பாதுகாப்பு அச்சத்தால் நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை அனுமதித்தது. கம்பத்துப் பிள்ளைக்கு அது நெல்லும் திராட்சையும். இடுக்கியில் ஆற்றோரம் இருக்கும் பிள்ளைக்கு அது ராத்திரி மழையில் வரும் பயம். நோட்டில் 'அந்தக் கரையில்' என்று ஒரு கட்டம் போடுங்க.

தகவல் எங்கே எடுப்பது?

தமிழ்நாடு அரசின் சமூக அறிவியல் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசம். அதை முதுகெலும்பாக வைங்க. பிள்ளை பின்னால் என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாவது எழுதினாலும், அதற்குக் குறைந்தது 14 வயது ஆகணும், அடித்தளம் உதவும். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கு. 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு மேனுவல், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர், 1899இல் மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு, மூன்றும் ஆங்கிலம். நீங்க படித்து ஒரு பத்தியைத் தமிழில் சொன்னால் போதும். தேனி 1997இல்தான் தனி மாவட்டம், அதனால் பழைய நூல்களில் 'மதுரை' என்றே தேடுங்க.

அப்புறம் போன். போடி ரயில் 1928இல் வந்தது, 2010 கடைசியில் நின்றது, 2022இல் தேனி வரைக்கும் 2023இல் போடி வரைக்கும் திரும்பியது. நடுவில் இருக்கும் அந்த 12 செ.மீ. வெற்றிடத்தில் ஊர் எப்படிப் போய் வந்தது என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் பிள்ளையைக் கேட்க வைங்க. 'கேட்டது, இன்னாரிடம், இந்தத் தேதியில்' என்று எழுதினால் அதுவும் சான்றுதான்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும்: சின்ன டேப்பை வெட்டி ஒட்டுங்க, அதில் மூன்றே தேதி. பிள்ளை பிறந்த வருடம், வீட்டில் மூத்தவர் பிறந்த வருடம், ஊருக்குத் தண்ணீர் வந்த வருடம். மற்றதைப் பிள்ளை கேட்கும். அடுத்த எபிசோடில் பேசலாம்.