பெல் கையில... ரிங் பையில!

காலை அஞ்சே முக்கால். திருமுருகன்பூண்டியில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. பெஞ்சுக்கு எதிரே நாலு சைக்கிள்கள் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நிற்கின்றன. நாலுமே வயசான சைக்கிள்கள். ஓட்டுகிறவர்கள் அதைவிட வயசானவர்கள்.

திடீரென்று ஒரு பக்திப் பாட்டு அலறுகிறது. நாலு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒருத்தர் பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுகிறார் (வேட்டிக்குள்ளே இருக்கிற அந்தப் பாக்கெட் இருக்கிறதே, அதுதான் சார் கொங்கு நாட்டு ரிசர்வ் பேங்க்). ஒரு மணிபர்ஸ், மூக்குக் கண்ணாடிக் கூடு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ட்யூப் எல்லாம் வெளியே வருகின்றன. கடைசியில் பார்த்தால் அடித்தது டீ மாஸ்டரின் போன்!

இந்த நாலு பேரில் ஒருத்தர் என் பெரியப்பா. வயசு 72. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். 1978-ல் சனிக்கிழமைச் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து வாங்கின ஹெர்குலிஸ் சைக்கிளை இன்னும் ஓட்டுகிறார். 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் அம்பத்தூர் சரக்கு. மட்கார்டு மாறிவிட்டது, ரிம் மாறிவிட்டது, சீட்டு மூணு தடவை மாறிவிட்டது. ஆனாலும் "அதே வண்டிதாண்டா" என்பார். அட்லஸ் கம்பெனி தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று பார்த்து மூடியபோது, சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி ரெண்டு நாள் பேசவில்லை.

அப்படிப்பட்டவருக்கு எதற்கு ஸ்மார்ட் போன்? அவரும் அதையேதான் கேட்டார். போன ஐப்பசி மழையில் பதில் கிடைத்தது. நல்லாற்றுப் பாலத்தை ஒட்டிய மண்ரோட்டில் சைக்கிள் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்தபடியே மூணு மணி நேரம். பெரியம்மா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடக்க, அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று டூவீலரில் தேட... கடைசியில் பால்காரர் ஒருத்தர்தான் பார்த்துக் கூட்டி வந்தார். மறுநாளே அண்ணன் போய் ஒரு டச் போன் வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பெரியப்பா அதை என்ன செய்தார் தெரியுமோ? ஒரு பனியன் பாலிதீன் கவரில் போட்டு, பீரோவில் பெரியம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார்! கேட்டதற்கு, "பதினோராயிரம் ரூவா சாமாண்டா. கொண்டு போயி நான் கீழ விழுந்தா உடைஞ்சு போகுமில்ல?"

விழுந்தால் கூப்பிடத்தானே சார் போன்!

ஒரு வழியாக வெளியே எடுக்க வைத்தோம். அப்புறம்தான் நிஜமான ரோதனை ஆரம்பம். அவர் வாழ்க்கையில் பட்டன் என்றால் அழுத்த வேண்டிய ஒன்று. பெல்லை அழுத்தினால் கிணுங்கும், பிரேக்கை அழுத்தினால் நிற்கும். அந்தக் கணக்கில் போன் வந்தால் பச்சை வட்டத்தைக் கட்டை விரலால் அமுக்குவார். அமுக்குவார்... இன்னும் அமுக்குவார். கண்ணாடி நெளியாத குறை! அதை அமுக்கக் கூடாது, மேலே தள்ளணும் என்று சொன்னால், "கூப்பிடறவன் அவன், நான் எதுக்குத் தள்ளணும்?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

விஷயம் என்னவென்றால், இந்தக் கண்ணாடிக்கு அழுத்தம் தெரியவே தெரியாது. நம் உடம்பு லேசாக மின்சாரம் கடத்துகிறதல்லவா, விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்னூட்டம் ஒரு துளி மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் கவனிக்கிறது. வயசானால் தோல் வறண்டுவிடும், உழைத்த விரலென்றால் காய்ப்பு வேறு. 'தொட்டேன்' என்று இவர் சத்தியம் செய்வார், 'தொடவில்லை' என்று போன் சாதிக்கும். மழைத் துளி விழுந்தாலோ, தானாகவே யாருக்கோ போன் போகும்.

கைரேகை இன்னும் மோசம். பெரியப்பா முப்பத்தஞ்சு வருஷம் கத்தரியும் துணியும் பிடித்த கை. அவரது சைக்கிள் கூட்டாளி ஒருத்தர் பூண்டியில் சிற்பம் செதுக்கினவர். அவிநாசி ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம், பட்டறை வாசல்களில் பாதி பிறந்த பிள்ளையார்கள் நிற்பார்கள். உளியும் கல்லுமாகவே காலம் ஓடியதில் அவர் விரலில் ரேகை என்று எதுவும் பாக்கி இல்லை. கல்லுக்கு முகம் கொடுத்த மனுஷனை, அவருடைய சொந்தப் போனே 'நீ யார்?' என்று கேட்கிறது. "ரேசன் கடையிலயும் இதே கதைதானுங்க. மிசினு ஏத்துக்காம நாலு தடவ தொடச்சுத் தொடச்சு வெச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அவருக்கு நாலு எண் பூட்டு போட்டுக் கொடுத்தோம். அவருடைய பழைய சைக்கிள் லைசென்ஸ் நம்பராம்! (அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை உண்டு தம்பிகளா. ராத்திரி விளக்கில்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ, போலீஸ்காரர் பிடித்துக் காத்தைப் பிடுங்கி விடுவார்.)

பேச்சு மட்டும் இன்னும் ட்ரங்க் கால் ஸ்டைல்தான். உரக்க ரெண்டு வார்த்தை, "சரி வெச்சர்றேன்", அவ்வளவுதான். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ம் தேதி, கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேச, டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அப்போது நிமிஷத்துக்குச் சுமார் 16 ரூபாய். வருகிற போனுக்கும் நாம்தான் காசு கொடுக்கணும். அந்தக் காலத்துப் பயம் அந்தத் தலைமுறைக்கு இன்னும் தெளியவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் பேச்சுக்குத் தனிக் காசே இல்லாமல் போய்விட்டது என்று நான் விளக்கினேன். "சும்மா குடுக்கறானா? அப்ப வேற எங்கியோ புடுங்கறான்" என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் யோசிக்கவும்.

மேப் விவகாரம் தனிக்கதை. எந்தக் குளத்துக் கரை எந்த ஊரில் இறங்கும், எந்த இட்டேரியில் நாய் இருக்கும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே டூவீலர் வழி காட்ட ஆரம்பித்தது. அதைப் போட்டுவிட்டு நஞ்சராயன் குளத்துக்குக் கிளம்பினால், வழிநெடுக அந்தப் போன் அம்மாவோடு சண்டை. "ரைட்டுங்கறா... அந்தப் பக்கம் பள்ளம் அம்மிணி!" என்று பதில் பேசிக்கொண்டே மிதிக்கிறார். சிக்னல் போய்விட்டால் வழி தெரியாதே என்று கவலைப்பட்ட கூட்டாளிக்கு, நான் ஆபீஸ் மூளையைக் காட்டினேன். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் போன் கண்டுபிடிப்பது டவரை மட்டும் நம்பி அல்ல. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் குறைந்தது நாலு கண்ணில் பட்டால் போதும், கணக்குப் போட்டுவிடும். அதற்கு நெட் வேண்டியதில்லை. மேப் படத்துக்குத்தான் நெட். அதையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூட்டாளி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருவதாயிரம் கிலோமீட்டர்ல இருந்து என்ற டி.வி.ஸ்கேர் பனியன் தெரியுதுங்களா?" என்றார்.

நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம். நல்லாறு வந்து சேர்கிற குளம். அங்கே போய்ப் பெரியப்பா தன் முதல் போட்டோவை எடுத்தார். ஒரு கொக்காம். கூர்ந்து பார்த்தால் நீலத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே பாதித் திரையை அடைத்துக்கொண்டு அவரது கட்டை விரல். சொந்தக்காரர்கள் குரூப் முழுக்க அனுப்பிவிட்டார். முப்பத்தேழு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

போனுக்குள் நடைக் கணக்குக் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. இருபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து அதைப் பார்த்தால் '212 அடிகள். இன்னும் முயற்சி செய்யுங்கள்' என்கிறது! பாக்கெட்டில் இருக்கிற போனுக்கு நடையின் குலுங்கல்தான் பிடிபடும், பெடல் மிதி சரியாகப் பிடிபடாது. "என்னைச் சோம்பேறிங்குதுடா இது" என்று அன்று முழுக்கப் புலம்பல்.

இதுவரைக்கும் சிரித்தோம். ஒரு வியாழக்கிழமை சிரிப்பு நின்றது.

பெரியப்பா அவிநாசிப் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கிறார். போன் வருகிறது. (தள்ளி எடுக்கப் பழகியிருந்தார்.) மறுமுனையில் பேங்க் ஆபீசர் என்று ஒருத்தன், மரியாதையான தமிழ். கே.ஒய்.சி. முடியவில்லையாம், ஒரு மணி நேரத்தில் கணக்கு முடங்கிவிடுமாம், போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், படித்துச் சொல்லணுமாம். அந்தக் கணக்கில் இருந்தது அவருடைய பி.எஃப். பணம் மொத்தமும். ஓவர்டைம் பார்த்துச் சேர்ந்த காசு.

பெரியப்பா பதறிப்போய் சைக்கிளை ஓரம் கட்டினார். நம்பர் வந்திருந்தது. ஆனால், கண்ணாடி வீட்டில்!

"தம்பி, எழுத்துத் தெரியலீங்க. கட் பண்ணிராதீங்க, வீட்டுக்குப் போயிப் பாத்துச் சொல்லிர்றேன். சைக்கிள்லதான் வாறேன், இருங்க!"

அவனும் இருந்தான் சார்! டிராயர் பாக்கெட்டுக்குள் போன், பதினெட்டு நிமிஷம், மட்கார்டு கடகடப்பை முழுக்கக் கேட்டபடி லைனிலேயே இருந்தான். பழைய நம்பர் காலாவதியானால் என்ன, புதுசாக இன்னொன்று அனுப்பத் தயாராக! வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ம்... இப்பச் சொல்றேனுங்க" என்று ஆரம்பித்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி போனைப் பிடுங்கிக் கட் பண்ணினாள்.

"அப்பாரு! இது திருட்டுப் பய!"

பணம் போகவில்லை. ஆனால், பெரியப்பா ஒரு வாரம் போனைத் தொடவில்லை. சைக்கிளையும் எடுக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாகிவிட்டது. "ஒரு மில்லி மீட்டர் துணி வேஸ்ட் ஆகாம வெட்டினவன்டா நானு. என்னையப் போயி..." என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்.

பூண்டிக்கு வழிப்பறி புதுசில்லை. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியாகத்தான் வந்தார். சிவபெருமான் தன் பூதகணங்களை வேடர் வேஷத்தில் அனுப்பி மொத்தத்தையும் பறித்துவிட்டார் என்பது தலபுராணம். சுந்தரர் கோபமாகப் பதிகம் பாட, பொருள் திரும்பி வந்ததாம். அவருக்குப் பரவாயில்லை, கொள்ளைக்காரர் யாரென்று தெரியும், கோயில் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். நமக்கு 1930 என்கிற சைபர் கிரைம் நம்பர்தான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே அடிக்கணும். சீக்கிரம் சொன்னால் அது அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வழி உண்டு. பெரியப்பாவிடம் இன்னொன்றும் படித்துப் படித்துச் சொன்னோம். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் போடவே வேண்டாம், 'போடு' என்றால் அது போகப்போகிற பணம். போலீஸ் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினாலும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு அரெஸ்ட் நம் சட்டத்திலேயே கிடையாது.

ஆனால், அவரை மறுபடி சைக்கிள் ஏற்றியது இந்த உபதேசம் இல்லை. நாங்கள் எல்லாம் "குடுங்க, நானே பண்ணித் தர்றேன்" என்று போனைப் பிடுங்கிச் செய்துகொண்டிருந்தோமே, பேத்தி அப்படிச் செய்யவில்லை. தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே பண்ணுங்க அப்பாரு, தப்பானா நான் இருக்கறேன்" என்று நின்றாள். எனக்கு யார் சைக்கிள் கற்றுக்கொடுத்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு நான் போக, கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தவர் இதே மனுஷர். 1991-92-ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே, அங்கேயும் ஹேண்டில்பாரை அவர்கள் கையில்தான் கொடுத்தார்கள்.

மூணே வாரத்தில் பெரியப்பா டீக்கு ஸ்கேன் பண்ணினார். பெட்டி 'பதினைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று சொன்னதும், "சரிங்க" என்று அதற்கே பதில் சொன்னார். அப்புறம் வாட்ஸப்பில் லைவ் லொகேஷன் அனுப்பவும் பழகிவிட்டார். கிளம்பும்போது ஒரு மணி நேரத்துக்குப் போட்டுவிடுவார். ஆபீஸில் நான் ஜி.எஸ்.டி. பில்லுக்கு நடுவே எட்டிப் பார்த்தால், ஒரு சின்னப் புள்ளி பூண்டியைச் சுற்றி மெதுவாக ஊரும்.

போன வாரம் அந்தப் புள்ளி நல்லாற்றுப் பாலத்துப் பக்கம் நின்றுவிட்டது. அஞ்சு நிமிஷம். பத்து. இருபது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. மானேஜரிடம் என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை, வண்டியை எடுத்துவிட்டேன். அவிநாசி ரோட்டில் எத்தனை ஹாரன் என்னைத் திட்டியதோ!

பாலத்தோரம் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஸ்கூல் பையனின் சைக்கிள் தலைகீழாக. செயின் கழன்று ப்ரீவீலில் சிக்கியிருந்தது. ரெண்டு கையும் கரேல் என்று கிரீஸ்.

"ஏனுங்க பெரீப்பா, போனை எடுக்கக் கூடாதுங்களா?"

"எடுக்காமயா? மூக்கால கூடத் தள்ளிப் பாத்தேன், கேக்கலை. வந்தது வந்தே, இந்தச் செயினைக் கொஞ்சம் புடி."

வெள்ளைச் சட்டையோடு புடித்தேன்.