வரிச்சலுகை யாருக்கு?

வீட்டில் ஆற்றலைச் சேமிப்போர்க்கு வரியைக் குறைப்பது அமெரிக்காவில் புதிதன்று. 1978ஆம் ஆண்டு, கார்ட்டர் ஆட்சியிலேயே ஆற்றல் வரிச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டமோ சலுகையைப் பெருக்கியது. கூரைக்கு வெப்பத்தடுப்பு அமைத்தல், தரமான சன்னல் பொருத்துதல் முதலியவற்றிற்கு, கூலி நீங்கலாகப் பொருட்செலவில் 30 விழுக்காடு, ஆண்டொன்றுக்கு 1,200 டாலர் வரை கிடைத்தது.

ஈண்டு நாம் நுணுகி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. இது வருமானத்திலிருந்து கழிப்பதன்று. செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழிப்பது. 1,200 டாலர் சலுகைக்கு உரியவரின் வரி 900 டாலர் எனின், எஞ்சிய 300 டாலர் கைக்கு வாராது. அடுத்த ஆண்டுக்கும் செல்லாது. வரி செலுத்துமளவு வருவாய் இல்லாதார்க்கோ ஒன்றுமேயில்லை. ஒழுகும் கூரையின்கீழ்க் குளிரில் வாடுவோர் பெரும்பாலும் அவர்களே அல்லரோ!

2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் இச்சலுகைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2025 டிசம்பர் 31க்குள் பொருத்தி முடித்தவற்றிற்கே உரிமையுண்டு. அதனை 5695ஆம் படிவத்தில் குறித்து, அவ்வாண்டு வரிக்கணக்குடன் இணைத்தல் வேண்டும்; பற்றுச்சீட்டுகளைப் பேணுதலும் வேண்டும்.

சலுகை என்பது இருப்போர்க்குத் தள்ளுபடியாக மட்டும் அமைதல் சாலாது. இல்லார் இல்லத்திலும் வெப்பம் சேர்த்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.