பாத்திரம் கழுவிய தண்ணீர் ஏன் இப்படி நாறுகிறது?

அமெரிக்காவில் மகன் குடும்பத்தோடு மோட்டார் ஹோமில் யெல்லோஸ்டோன் பூங்காவைச் சுற்றிவந்த வாசகி ஒருவர் கேட்கிறார்: “கழிப்பறைத் தொட்டிகூட நாறவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டிதான் குடலைப் புரட்டியது. ஏன்?”

கழிப்பறைத் தொட்டிக்குப் பயந்து எல்லோரும் மருந்து ஊற்றுகிறார்கள். சிங்க்கிலிருந்து இறங்கும் கிரே டேங்க்கை யாரும் சட்டை செய்வதில்லை. வண்டிக்கு அடியில் நூறு, நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும் அந்த பிளாஸ்டிக் தொட்டியில்தான் வினையே நடக்கிறது.

இட்லி மாவை அரைத்து மூடிவைத்த பானைதான் அது. சோற்றுப் பருக்கை, பருப்பு வண்டல், குழம்பு எண்ணெய் என்று உணவு தாராளம். வெயிலில் நிற்கும் வண்டியில் வெதுவெதுப்புக்கும் குறைவில்லை. முதல் கூட்டம் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அடுத்துத் தலையெடுப்பவை ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைச் சுவாசிப்பவை. குழாய்த் தண்ணீரிலேயே சல்ஃபேட் உண்டு. டிடர்ஜென்ட்டும் தன் பங்குக்குச் சேர்க்கிறது. அதைச் சுவாசித்து இவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாடை. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கிளம்புவதும் இதே வாயுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். உண்டான சல்ஃபைடு முழுவதும் உடனே வெளியேறுவதில்லை. சோப்புத் தண்ணீரின் காரத்தன்மை 8 பி.எச். அளவில் இருக்கும்வரை பத்தில் ஒரு பங்குதான் வாயுவாகக்கூடிய வடிவில் இருக்கும். மீதி மின்னேற்றம் பெற்று நீரிலேயே தங்கிவிடும். ஆனால் மாவு புளிப்பதுபோல் தொட்டியில் கிடக்கும் சோறும் புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற பி.எச். இறங்கும்; 7க்கு இறங்கினால் பாதி, 6க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு வாயு வடிவத்துக்கு மாறிவிடும். ஒரு கூட்டம் தயாரித்த வாயுவை இன்னொரு கூட்டத்தின் புளிப்பு வெளியே தள்ளுகிறது! மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினால் கேட்கவே வேண்டாம்.

புது மாவு சீக்கிரம் பொங்கட்டும் என்று பழைய மாவில் ஒரு கரண்டி விடுவோம் அல்லவா? அலசாமல் மூடிய தொட்டியின் சுவரில் ஒட்டிய வழவழப்புதான் அந்தக் கரண்டி. கோடையில் பொங்கி வழிவது, குளிரில் மந்தமாவது எல்லாம் தொட்டிக்கும் அதே கணக்குதான்.

மூக்கைத் தொந்தரவு செய்ய எவ்வளவு வாயு வேண்டும்? ஒரு கன மீட்டர் காற்றில் 7 மைக்ரோகிராமைத் தாண்டினாலே வாடை தொந்தரவாகும் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்திருக்கிறது. அப்படியானால் ஒரே ஒரு மில்லிகிராம், 140 கன மீட்டர் காற்றைக் கெடுக்கப் போதும். எந்த மோட்டார் ஹோமின் உட்புறமும் அவ்வளவு பெரிதில்லை.

வரலாறு சுருக்கமாக: சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் இந்த வகை பாக்டீரியாவை 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்யெரிங்க் பிரித்தெடுத்தார். வளைந்த குழாயில் தண்ணீரை நிறுத்தி வாடையைத் தடுக்கும் உத்திக்கு, கழிப்பறைக்காக, 1775இலேயே அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிவிட்டார்.

‘ஒரு பாக்கெட் போட்டால் வாடை போயே போச்சு’ என்று விற்கும் நொதிப்பொடிகளை நான் நம்புவதில்லை. நொதி உணவை உடைக்கும். உடைந்த உணவு அதே பாக்டீரியாக்களுக்கு இன்னும் சுலபமான இரை. பனிக்கட்டியைக் கொட்டி வண்டியை ஓட்டினால் தொட்டி தேய்ந்து சுத்தமாகும் என்கிறார்கள். பனிக்கட்டி மிதக்கும், வண்டலோ அடியில்.

எண்ணெய் இன்னொரு தொல்லை. தொட்டிச் சுவரில் திருகுத் தலைபோல மேலும் கீழுமாகச் சில உலோக முனைகள் இருக்கும். தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாய்ந்து, தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் விளக்கு வண்டிக்குள்ளே எரியும். சோப்பும் எண்ணெயும் அழுக்குமாக ஈரப் படலம் ஒட்டிக்கொண்டால், காலித் தொட்டியையும் முக்கால் நிறைந்ததாகக் காட்டும்.

ஆகவே தட்டைக் கழுவுமுன் காகிதத்தால் வழித்து, மூடியுள்ள குப்பைக் கூடையில் போடுங்கள். சிங்க் துளையில் நெருக்கமான வடிகட்டி வையுங்கள். எண்ணெயை வெந்நீரோடு ஊற்றினாலும் பயனில்லை, தொட்டியில் ஆறியதும் சுவரில் படியும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இந்தத் தண்ணீரை அதற்கென உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். அங்கே கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்தால், பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். பிறகு நல்ல தண்ணீர் விட்டுத் தொட்டியை அலசுங்கள். ஓட்டத்தில் சிங்க்கின் வளைகுழாய்த் தண்ணீர் தளும்பி வெளியேறியிருந்தால் வாடை நேரே மேலே வரும்; நிறுத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அடைபடும்.