சுவரில் மோதும் காற்று

திருகோணமலைத் துறைமுகத்தின் கிழக்கே, கடலினுள் நீண்டு செல்லும் நிலமுனையின் நுனியில் சுவாமிமலை செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது. பிரெடரிக் கோட்டையினூடாக ஏறிக் கோணேசர் கோயிலை அடையும் அடியார்கள், மார்கழி, தை மாதங்களில் அங்கு வீசும் காற்றின் வலிமையை நன்கறிவர். கோட்டை வாயிலில் மெல்லெனத் தவழ்ந்த காற்று, மலையுச்சியில் பாறை விளிம்பை அடைந்ததும் சால்வையைப் பறித்துச் செல்ல முனைகிறது. நாளும் ஒன்றே, காற்றும் ஒன்றே. வேகம் மட்டும் வேறுபடுவதேன்?

காரணங்கள் இரண்டு. நிலத்தை ஒட்டி வீசும் காற்று மரங்களிலும் மதில்களிலும் வீடுகளிலும் உராய்ந்து வேகம் தணிகிறது. உயரம் கூடுந்தோறும் அவ்வுராய்வு குறைந்து வேகம் மிகுகிறது. இது முதற் காரணம். வடகீழ்ப் பருவக்காற்று கடல்மேல் தடையின்றி வந்து பாறைச் சுவரில் மோதுகிறது. பாறையை ஊடுருவ இயலாத காற்று மேல்நோக்கித் திரும்பி, உச்சி விளிம்பில் நெருக்குண்டு விரைகிறது. அகன்ற வாய்க்கால் குறுகுமிடத்தில் நீர் விரைந்து ஓடுவது போன்றதே இது. இஃது இரண்டாவது காரணம்.

மனிதன் எழுப்பும் மாடிக் கட்டடமும் காற்றுக்கு ஒரு பாறையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவாமிமலையின் கடற்புறச் சரிவின் அடியில் அலைகளே உள்ளன. நடந்து செல்வார் எவருமில்லர். மாடிக் கட்டடத்தின் அடியிலோ தெருவும், கடையும், பேருந்துத் தரிப்பிடமும் உள்ளன.

உயர்ந்த கட்டடத்தின் முகப்பில் மோதும் காற்று, ஏறத்தாழ முக்காற்பங்கு உயரத்தில் இரு கூறாகப் பிரிகிறது. மேற்கூறு கூரையைத் தாண்டிச் செல்லும். கீழ்க்கூறு சுவரை ஒட்டியவாறே தெருவை நோக்கி இறங்கும். மேலே உராய்வின்றி வந்த விரைந்த காற்றே இவ்வாறு கீழே கொணரப்படுகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. அது தெருவைத் தொட்டதும் சுழலாகச் சுருண்டு, கட்டடத்தின் இரு மூலைகளையும் சுற்றி ஓடும். மூலைகளில் அதன் வேகம் அண்டைத் தெருவில் உள்ளதைப்போல் இருமடங்கும் ஆகலாம். கட்டடத்தின் அடியில் முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் நடைவழி இருப்பின், முன்புறத்து மிகை அழுத்தமும் பின்புறத்துக் குறை அழுத்தமும் சேர்ந்து அவ்வழியைக் காற்றுக் குழாயாக மாற்றிவிடும்.

வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டிய காற்றில் குடை பிடிப்பது கடினம். 60 கிலோமீற்றரைத் தாண்டினால் எதிர்த்து நடப்பதே தடைப்படும். முதியோரும் சிறுவரும் அதற்கு முன்னரே நிலை தடுமாறுவர்.

இது வெறும் அசௌகரியம் மட்டுமன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 112 மீற்றர் உயரமான பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்னும் கட்டடம் 2007ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 2011 மார்ச்சு மாதத்தில் அதன் அருகே லொறியொன்று காற்றினால் கவிழ்ந்து, நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். பின்னர், பலத்த காற்று வீசும் நாள்களில் அங்குள்ள தெருக்களை மூடவும், காற்றை மறிக்கும் பெருந்தடுப்புகளைப் பெருஞ்செலவில் நிறுவவும் நேர்ந்தது. கட்டுமுன் எண்ணியிருப்பின் இத்துயரைத் தவிர்த்திருக்கலாம். இலண்டன் மாநகரின் வணிக மையமான சிற்றி பகுதி, உயர்ந்த கட்டடங்களால் தெருக்காற்று எவ்வாறு மாறும் என்பதை முன்னரே ஆராய்வதற்கான வழிகாட்டல்களை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. கட்டடத்தின் சிற்றுருவைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, எந்த மூலையில் வேகம் மிகும் என்று அளப்பதே அவ்வாராய்ச்சியின் முறைகளுள் ஒன்று.

பரிகாரங்கள் எளியவையே. கோபுரத்தின் அடியில் அகன்ற தாழ்ந்த தளமொன்றை அமைத்தால், இறங்கும் காற்று தெருவை அடையாமல் அத்தளத்தின்மேல் விழுந்து சிதறும். நடைபாதைக்கு மேல் அகன்ற பந்தலும் உதவும். கூரிய மூலைகளை மழுக்கலாம், வாயிலை மூலையில் வையாது சுவரின் நடுவே வைக்கலாம், மரவரிசை நடலாம்.

மரவரிசையின் தத்துவத்தைத் தமிழ்க் கிராமங்கள் நெடுங்காலமாகவே கையாண்டு வந்துள்ளன. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் காற்றை முற்றாக மறிப்பதில்லை. இடுக்குகளினூடே சிறிது செல்லவிட்டு, எஞ்சியதைத் தணிக்கின்றன. முழுச் சுவரோ காற்றைத் திடீரெனத் தடுப்பதால், அதன் பின்னே சுழல் எழுகிறது. ஆதலின் இடைவெளியுள்ள வேலி தரும் அமைதி, அடைத்த மதில் தருவதினும் நெடுந்தூரம் பரவுகிறது.

திருகோணமலை இன்றும் பெரும்பாலும் தாழ்ந்த கட்டடங்களின் நகரமே. ஆயினும் காற்றுக்கு அங்கே குறைவில்லை. வாடை ஓய்ந்தபின், வைகாசி தொடங்கிக் கச்சான் வெப்பமும் வறட்சியுமாக மேற்கிலிருந்து வீசுகிறது. 1964 டிசெம்பரில் பெருஞ்சூறாவளி அப்பகுதியைத் தாக்கியது. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிச் சூறாவளி நகருக்கு வடக்கே கரையைக் கடந்தது. இத்தகைய கரையில் நாளை ஒரு மாடி எழுமாயின், அதன் உச்சியிலிருந்து காணும் கடற்காட்சியை எண்ணுவோர் அதன் அடியையும் எண்ணுதல் வேண்டும். மாடியில் வாழ்வோர் சாளரத்தை அடைத்துக் காற்றைத் தவிர்க்கலாம். மீன் கூடையுடன் மூலை திரும்பும் மூதாட்டிக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும் அடைப்பதற்குச் சாளரம் இல்லை.