புளியிலைக் கரையும் கணினியின் கண்ணும்

சேந்தமங்கலம் சேலைக்கு அடையாளம், ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு. புளியிலக்கரை என்பது அதன் மலையாளப் பெயர். கொச்சியின் வல்லார்பாடம் தீவுக்கு வடக்கே, வடபறவூரை அடுத்த இந்த ஊரில் தறியைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் தேவாங்கச் செட்டியார்கள். கொச்சி அரசர்களின் அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன் குடும்பத்தார் அவர்களை ஆதரித்தார்கள். பலராமபுரம், குத்தாம்புள்ளி துணிகளைப் போல இதுவும் புவிசார் குறியீடு பெற்றது. மூன்றிலும் வெளிர் நிறப் பருத்தியும் கரையும்தான் முதலில் கண்ணில் படும் என்பதால், எது எந்த ஊர்த் துணி என்பதில் பழகாத கண் தடுமாறும். இந்த இனங்காணும் வேலையைக் கணினிக்குப் பழக்கப் பயன்படுவது நியூரல் நெட்வொர்க்.

இதில் விதிகளை யாரும் எழுதித் தருவதில்லை. பெயர் ஒட்டிய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். விடை தவறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்கள் சற்றே திருத்தப்படும். அந்த எண்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. முதல் அடுக்குகள் கோட்டையும் விளிம்பையும் பிடிக்கும். அடுத்தவை கட்டங்களையும் வளைவுகளையும், அதற்கும் மேலுள்ளவை முழுப் புட்டாவையும் பிடிக்கும். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க், சுமார் 12 லட்சம் படங்களிலிருந்து 1000 வகைகளைக் கற்றது. அந்த ஆயிரத்தில் கிமோனோ உண்டு, சாரோங் உண்டு, சேலை மட்டும் இல்லை! ஆனாலும் அங்கே கற்ற கோடும் வளைவும் இங்கேயும் உதவும். கடைசி அடுக்குகளை மட்டும் சேலைப் படங்களால் மறுபடி பழக்கினால் போதும். இந்தோனேசியாவின் பாத்திக் துணிகளை வகைப்படுத்திய ஆய்வுகள் பல இந்த வழியில் நடந்தவை.

கேரளத் துணிக்கு வரும் சிக்கல் வேறு. இத்தகைய நெட்வொர்க்குகள் பலவும் படத்தை 224க்கு 224 புள்ளிகளாகச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்கும். சேலையின் அகலம் ஏறக்குறைய 120 செ.மீ. என்றால், ஒரு புள்ளிக்குள் 5 மி.மீ.க்கும் அதிகமான துணி அடங்கும். அதைவிட மெலிந்த கறுப்புக் கோடு பக்கத்து வெள்ளையில் கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். எதை வைத்து ஊரைச் சொல்ல வேண்டுமோ அதுவே காணாமல் போகிறது. ஆகவே கரையை நெருங்கிப் படமெடுத்துத் துண்டுகளாக்கித் தர வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு: ஒரே சேலையின் ஒரு துண்டு பயிற்சிக்கும் இன்னொன்று தேர்வுக்கும் போனால், கேள்வித்தாளை முன்பே பார்த்த மாணவனைப் போல நெட்வொர்க் நல்ல மதிப்பெண் வாங்கும். ஓர் ஊர்ச் சேலைகளையெல்லாம் ஒரே கடையில் படமெடுத்தாலோ, துணியை விட்டுச் சுவரைப் படித்துக்கொள்ளும்.

பெயர் ஒட்டுவதும் எளிதல்ல. காஞ்சிபுரத்தில் மயில்கண், குயில்கண் என்று இரண்டு டிசைன்கள் உண்டு. தறிக்காரர் பக்கத்தில் இல்லாமல் அவற்றைப் பிரித்துப் பெயரிட முயன்றால், மனிதரின் குழப்பத்தையே கணினியும் கற்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கணினி சொல்வது டிசைனின் பெயரை மட்டுமே. அதே கரையை விசைத்தறியும் போடும். புவிசார் குறியீடு காப்பதோ ஊரையும் நெய்யும் முறையையும் சேர்த்து. சில சேலை ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. அதை மீறிய துணியைக் கண்டுபிடிக்க டிசைனைப் பார்த்துப் பயனில்லை. ஊடை இழைகளின் நெருக்கம் கைபட்டதுபோல் ஏறி இறங்குகிறதா என்று மிக அருகில் பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் இப்போதைக்கு, 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.